பல்லில் நூல்

நூலின் ஒரு முனை என் பல்லில் இருக்கும்.
அதனால்தான் இந்தத் தொழிலில்
நான் பேசுவதைவிடப் பார்ப்பது அதிகம்.

கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில்,
ஒரு நாற்காலி, ஒரு டியூப்லைட், ரசம் போன கண்ணாடி.
இரவு வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போதும்
பகலில் தொட்ட முகங்கள் விரல் நுனியில் இருக்கும்.

கண்ணுக்குக் கீழே ரவை சிந்தினாற்போல் ஒருத்திக்கு.
இமையோரம் சீரகமாய்த் தொங்கும் மரு இன்னொருத்திக்கு.
ரிட்டயரான டீச்சரின் கன்னப்பொட்டில்
யாரோ ஒட்டவைத்ததுபோல் ஒரு புளியங்கொட்டை.
கிள்ளாதீர்கள் என்பேன்.
ஊசியால் குத்தச் சொன்னால் மாட்டேன் என்பேன்.
வாடகை தராவிட்டாலும்
வம்புக்கு வராத குடித்தனக்காரர்கள் அவர்கள்.

என் நெற்றியிலும் ஒருவர் இருக்கிறார்.
வந்த வருடம் தினமும் அழுத்திப் பார்த்தேன்,
தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்தேன்,
எல்.ஐ.சி. பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன்.
ஸ்டான்லியில் டாக்டரம்மா இரண்டு விரலால் உருட்டிவிட்டு
"கொழுப்பும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார்.
என் மாமியார் கல்யாணமான மறுநாளே
கண்டுபிடித்துச் சொன்னதுதான்.
ஷேர் ஆட்டோவில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து
பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

பொங்கல் முடிந்த வாரம் பிலோமினா வந்தாள்.
காசிமேட்டில் முப்பது வருட வெயில்.
மகள் ரெஜினாவுக்குத்தான் கல்யாண ஃபேஷியல்.
"அம்மாவுக்கும் புருவம் எடுங்கக்கா,
ஃபோட்டோவுல நல்லா இருக்கட்டும்."
நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்,
அந்த முகத்தை வேறொரு கை தொட்டு
எத்தனை நாளாயிற்றோ, கூசிக் கூசிச் சிரித்தாள்.

மூக்கோரம் இருந்தது அது.
மிளகுக்குக் கொஞ்சம் பெரிது.
ஓரம் முத்துப்போல் மினுங்க,
மினுக்கத்தில் சிவப்பாய்ச் சில இழைகள்,
நடுவில் காய்ந்த பொருக்கு.
பஞ்சு பட்டதும் இரத்தம்.

"மரு தாம்மா. நூல இறுக்கிக் கட்டி அறுத்துவுடேன்.
எங்க வீட்டாளு குதுர முடிகூட வாங்கியாந்துச்சு."
எப்போதிலிருந்து என்று கேட்டேன்.
"போன தவக்காலத்துல. ஆறும், மறுபடி பேத்துக்கும்.
வலியே இல்ல."

வலியே இல்ல.
நெத்தியில் உருட்டிய டாக்டரம்மா
அன்றைக்கே சொல்லியிருந்தார்:
வலிக்கிறதா என்று மட்டும் பார்க்காதே,
ஆறுகிறதா என்று பார்.
மாதத்துக்கு மாதம் வளர்ந்தாலோ
நிறம் மாறினாலோ
கசிந்து கசிந்து காய்ந்தாலோ, வா.

பார்லர்காரி நான், பத்தாவது ஃபெயில்.
கல்யாண வீட்டில் கட்டியைப் பற்றிப் பேசலாமா?
ரெஜினா கண்ணாடியில் தன் ரவைகளைத்
தடவித் தடவி அழுகிற நிலைமையில் இருந்தாள்.
கஸ்டமர் போய்விடுவாள் என்றும் நினைத்தேன்,
பொய் சொல்லக் கூடாது.
ஒரு புருவம் முடிந்திருந்தது.
பல்லிலிருந்து நூலை விட்டேன்.

"இத நான் தொட மாட்டேன் பிலோமினா.
நாளைக்கி காலைல ஸ்டான்லிக்குப் போ, தோல் டாக்டர்கிட்ட.
மருவோ என்னமோ, அவங்க சொல்லட்டும்."
முறைத்தாள். இன்னொரு புருவத்துக்கு
நிற்காமல் போய்விட்டாள்.

வரவில்லை. வாரம் ஒன்று, இரண்டு, ஐந்து.
கல்யாணம் கோயில் மணியில் கேட்டது எனக்கு.

பிறகு ஒரு செவ்வாய், படியில் மீன் வாசனை.
மூக்கோரம் பிளாஸ்திரி.
துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்களாம்.
மெதுவாகப் பரவும் ரகம்,
விட்டால் மூக்கையே தின்னும் ரகம் என்றார்களாம்.
மொத்தமாக வெட்டி ஆறு தையல்.
ஆல்பத்தில் எல்லாப் பக்கத்திலும்
இடது பக்கம் திரும்பி நிற்கிறாள்,
ஒரு புருவம் மட்டும் வில்லாக.

"மிச்ச புருவத்த எடு" என்று உட்கார்ந்தாள்.

இப்போது மாதம் ஒருமுறை வருகிறாள்.
டியூப்லைட் பக்கம் முகத்தை நீட்டி "பாரு" என்பாள்.
நான் டாக்டர் இல்லை என்பேன்.
"தெரியும். அங்க தேதிக்குப் போறேன். நீயும் பாரு."
நெத்திலிப் பையை வாசலில் மாட்டுவாள்.

வாயிலிருந்து நூலை எடுத்துவிட்டு
பார்க்கிறேன்.